அமாவாசைக்கு முந்தின நாள் வரும் குரல்

கோமளா அக்காவின் எண்ணிலிருந்து குரல் பதிவு வந்தபோது நான் என் தியேட்டர் கேன்டீன்காரரோடு பப்ஸ் ஏன் சூடாக இல்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அமாவாசைக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் அக்கா எதற்குப் பேசுகிறார், ஓடுகிற படத்தின் மேல் ஏதோ கோபம் போலிருக்கிறது, இன்றைக்கு என் பிழைப்பில் மண்தான் என்று நினைத்தபடியே அமுக்கினேன். வழக்கமான "லைன்ல இருங்க" வரவில்லை. "நான் கலைச்செல்வி பேசறேங்க, அம்மாவோட பொண்ணு. அம்மா மதியம் சாப்ட்டுட்டு படுத்தாங்க. காபி குடுக்கலாம்னு எழுப்பப் போனேன்..." என்று ஒரு குரல். அதற்கு மேல் அந்தப் பதிவில் அழுகைதான் இருந்தது. கேன்டீன்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, படம் நல்லால்லன்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் அக்காவின் குரலைக் கேட்டு என் முகம் வாடினால் அதற்கு வேறு காரணம் இருக்க முடியாது.

ஆரணியில் பாதிப் பேர் அக்காவை நேரில் பார்த்ததே இல்லை. குரலைக் கேட்டவர்கள்தான் அதிகம். அவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா காலத்தில் தியேட்டர் அறையில் ஒரு கறுப்புத் தொலைபேசி இருந்தது. சென்னைக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். படப்பெட்டி கிளம்பிவிட்டதா, எந்த பஸ்ஸில் வருகிறது என்று கேட்க என்னைத்தான் உட்கார வைப்பார். "லைன்ல இருங்க, குடுக்கறேன்" என்று மறுமுனையில் ஒரு பெண் குரல் வரும். அதுதான் கோமளா அக்கா, தொலைபேசி நிலையத்து ஆபரேட்டர். பட்டு வியாபாரிகளும் களம்பூர் ரைஸ் மில்காரர்களும் அந்தக் குரலுக்காகத்தான் காத்துக் கிடப்பார்கள். அவர் "குடுக்கறேன்" என்றால் லைன் கிடைக்கும். ஓய்வுபெற்ற பிறகும் ஊருக்கு அவர் "ஆப்ரேட்டர் அம்மா"தான். இவ்வளவு பேசுகிறீர்களே, அலுக்கவில்லையா என்று ஒருமுறை கிண்டலாகக் கேட்டேன். "அத்தினி வருஷம் அடுத்தவங்க பேச்சு காதுல விழுந்தும் விழாத மாதிரி உக்காந்திருந்தேன் தம்பி. இப்ப அதுக்கெல்லாம் சேத்து பேசறேன்" என்றார்.

பேசியதெல்லாம் சினிமா பற்றித்தான். பால்கனியில் கதவோரத்து இருக்கை அவருடையது. படம் பார்த்துவிட்டுப் போனால் தெருவில் தறி வைத்திருக்கும் பெண்கள் "எப்டிக்கா இருக்குது?" என்று மடக்குவார்கள். ஒவ்வொருத்திக்கும் தனித்தனியே சொல்லி வாய் வலித்துப்போய், கைபேசியில் பேசி அனுப்பத் தொடங்கினார். அது தறிக்குத் தறி பரவி, கடைசியில் ஒரு பெரிய குரூப் ஆகிவிட்டது. நெய்கிறவர்களுக்குக் கையும் வேலையில் இருக்கிறது, கண்ணும் வேலையில் இருக்கிறது. சும்மா இருப்பது காதுதான். பத்திரிகைகள் என்ன எழுதினாலும் அவர்களுக்கு எட்டாத இடத்தில் அக்காவின் குரல் போய் உட்கார்ந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமாவாசையன்று எங்கள் ஊர்க் கைத்தறிக்காரர்கள் தறியில் உட்காரமாட்டார்கள். முன்னோர்களுக்குப் படையல் போட்டு, சாப்பிட்டுவிட்டு, குடும்பத்தோடு மதியக் காட்சிக்கு வருவார்கள். அன்றைக்கு முட்டை பப்ஸ் கொண்டுவந்தால் கேன்டீன்காரர்தான் தின்ன வேண்டும். நாடெல்லாம் வெள்ளிக்கிழமையை எதிர்பார்க்கும்; நான் காலண்டரில் அமாவாசையைத் தேடுகிற ஆள். அக்காவும் அப்படித்தான். படம் வெளியான அன்று இடைவேளையிலேயே தீர்ப்பு எழுதுகிறவர்கள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில், அவர் குரல் அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் வரும். "ஜல்தியா சொல்லி இன்னா ஆவப்போவுது? அவங்க போறது நாளைக்குத்தான?" என்பார். நாள் முழுக்கக் குழித்தறியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தவர்கள் லீவு நாளிலும் வந்து உட்காரப் போகிறார்கள், அந்த உட்காரலுக்கு ஒரு நியாயம் வேண்டாமா என்பது அவர் கேள்வி. விமர்சனம் யாருக்காக என்று கேட்டால் பலரும் 'கலை' என்பார்கள், 'சமூகம்' என்பார்கள். அக்காவுக்கு அது ஒரு தெருவில் இருக்கும் பத்துப் பதினைந்து வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் எந்த முட்டியில் வலி என்று அவருக்குத் தெரியும்.

மாமியாரோடு போகலாமா, பிள்ளைகள் பயப்படுகிற இடம் உண்டா, பாட்டு வரும்போது வெளியே போய்விட்டு வந்தால் கதை புரியுமா என்பதையெல்லாம் முதலில் சொல்லிவிடுவார். கதையைச் சொல்லமாட்டார். கடைசியில், எவ்வளவு மோசமான படமாக இருந்தாலும், அதில் பார்க்கத் தகுந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்துக் கையில் கொடுப்பார். ஒரு அடிதடிப் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டு, "வில்லன் செத்த சேதி வந்ததும் அவங்கூட்டு சமையக்காரம்மா ஒண்ணும் பேசாம அடுப்ப அணைக்கறாங்க. அந்தம்மா யாருன்னு தெரியல. அத மட்டும் பாத்துட்டு வாங்க" என்றார். மறுநாள் அந்த இடம் வந்ததும் அரங்கம் முழுக்க "தோ, அடுப்பு, அடுப்பு" என்று முணுமுணுத்தது. நான் பால்கனியில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அதற்கு முன் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்திருந்த நான், அடுப்பை அன்றுதான் பார்த்தேன்.

மதிப்பெண் போடுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "பரீட்சப் பேப்பரா திருத்தறோம்? பாஸ் பண்ணி அது எந்த காலேஜில சேரப்போவுது?" என்று கேட்பார். படத்தைத் திட்டியே பெயர் வாங்குகிறவர்களைப் பற்றி, "அவரு திட்றத கேட்டு சிரிச்சோம், சரி. படத்த பத்தி இன்னா தெரிஞ்சுகினோம்?" என்பார். எல்லாப் படத்தையும் புகழ்கிறவர்களுக்கு அவர் வைத்திருந்த பெயர் கல்யாணத் தரகர்.

எனக்கும் அவருக்கும் நடந்த பெரிய சண்டையைச் சொல்லாமல் போனால் அக்காவே மன்னிக்கமாட்டார். ஒரு பெரிய நடிகரின் படத்தை அடித்துப் பிடித்து எடுத்து வந்திருந்தேன். தியேட்டர் அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. அதை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாம் என்று என் தம்பி ஏகாம்பரம் வரைபடமே போட்டு வைத்திருந்தான். தியேட்டரில் அவனுக்கும் பாதிப் பங்கு. இந்தப் படம் ஓடினால் தியேட்டர் நிற்கும் என்பது எங்களுக்குள் பேச்சு. அமாவாசைக்கு முந்தின நாள் அக்கா வீட்டுக்கே போனேன்.

"அக்கா, நாளைக்கு ஒரு நாள் விட்டுட்டுப் பேசுங்க. நாளன்னிக்கு என்ன வேணா சொல்லுங்க."

"நாளன்னிக்கு பேசினா அது விமர்சனம் இல்ல தம்பி. துக்கம் விசாரிக்கறது."

"படம் நல்லாத்தான்க்கா இருக்குது. சத்தியமா எனக்குப் புடிச்சிருக்குது."

"புடிச்சிருந்தா நீ சொல்லு. போன் உங்கிட்டயும்தான் இருக்குது. எனக்குப் புடிச்சுதுன்னு என்னை சொல்லச் சொல்லாத."

காபி கொடுத்துத்தான் அனுப்பினார். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் குரல் வந்துவிட்டது: "லைன்ல இருங்க. ரெண்டாவது பாதியில என் காலு மரத்துப்போச்சு. ஹீரோ காலு மட்டும் ஆடிகினே இருந்துச்சு." மறுநாள் அரங்கத்தில் பாதி நாற்காலிகளுக்கு வேலை இல்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று வாய்விட்டே திட்டினேன். அந்தப் படத்தை இன்றைக்குப் போட்டாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன். அக்கா சொன்னது தப்பு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதையும் அன்றைக்கே அறிந்திருந்தேன். இரண்டும் ஒரே மண்டைக்குள் இருக்க முடியும். இருந்தால் கொஞ்சம் தலை வலிக்கும், அவ்வளவுதான்.

"அந்தம்மா வாயாலயே நம்ம தியேட்டரு மூடப்போவுதுண்ணே. மண்டபம்னா இந்தப் பேஜாரே இல்ல" என்றான் ஏகாம்பரம். அதை அக்காவிடம் போய்ச் சொன்னேன், கொஞ்சம் பயப்படட்டும் என்று. அவர் பயப்படவில்லை. "கட்டுங்க. சாம்பார்ல உப்பு இல்லன்னு விமர்சனம் பண்ண ஊர்ல ஆளா இல்ல?" என்றார்.

ஏகாம்பரத்திடம் தவணை சொல்லித் தியேட்டரை ஓட்டிக்கொண்டிருந்த அடுத்த வருஷம், பட்டு நெசவைப் பற்றியே ஒரு படம் வந்தது. சின்ன நடிகர்கள், புது இயக்குநர். பட்டணத்து விமர்சனங்களில் மண் வாசனை மண் வாசனை என்று ஒரே புழுதி. அக்கா மண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அப்பாரு நெய்ஞ்சுகினு இருக்கறப்ப அந்தப் பொண்ணு கதவோரம் வந்து நிக்குது பாருங்க, அந்த இடத்துல நானும் மூச்ச புடிச்சிகினு இருந்தேன். குடும்பத்தோட போங்க" என்று மனதாரச் சொன்னார். அமாவாசை மதியம் அரங்கம் நிறைந்தது. வாயெல்லாம் பல்லாக நின்றேன். இடைவேளையில் கதவு திறந்ததும் வெளியே வந்தது கூட்டமா கலவரமா என்று புரியவில்லை.

"இன்னாங்க இது, படையல் போட்ட கையோட போயி தறியில உக்கார்றான்! அமாவாசையில எவன் நெய்வான்?"

அமாவாசை பார்த்துப் பார்த்தே பேசிவந்த மனுஷி, படத்துக்குள் அமாவாசையன்று தறி ஓடியதைக் கவனிக்கவில்லை. நான் மட்டும் என்ன, அமாவாசையாலேயே சோறு தின்கிறவன், நானும் கவனிக்கவில்லை. அக்கா நெசவுக் குடும்பம் இல்லை, நானும் இல்லை. எங்களுக்கு அது கூட்டம் வருகிற நாள். அவர்களுக்கு அது அப்பனும் பாட்டனும் வருகிற நாள்.

அன்று மாலை அக்கா வீட்டு வாசலில் நாலைந்து பேர் நியாயம் கேட்க நின்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? படத்தை அன்றோடு எடுத்துவிடலாம் என்று நான் முடிவு செய்திருந்தேன். அப்போது குரல் வந்தது. "லைன்ல இருங்க. நான் கவனிக்கல. தப்புதான். ஆனா கதவோரம் நின்ன பொண்ண பத்தி சொன்னத மாத்திக்க மாட்டேன். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். இனிமே நீங்க பேசுங்க, நான் கேட்டுகினு இருக்கேன்." அதுவரை குரூப்பில் அவர் மட்டுமே பேச முடியும்படி வைத்திருந்தார். அன்றைக்கு எல்லோருக்கும் திறந்துவிட்டார்.

வசவு மழை கொட்டியது. இயக்குநரைத் திட்டினார்கள், அக்காவைத் திட்டினார்கள், படத்தைப் போட்டதற்காக என்னையும் விடவில்லை. அதற்கு நடுவில் சரசா பேசினார். கணவரோடு சேர்ந்து வீட்டுத் தறியில் நெய்கிறவர் அவர். கடையில் உப்பு வாங்கினால்கூட வாய் திறக்காதவர் என்பார்கள்.

"ஆப்ரேட்டர் அம்மா, எல்லாரும் அமாவாசையில எவன் நெய்வான்னு கேக்கறாங்க. எங்கப்பா நெய்ஞ்சாரு. என் கல்யாணத்துக்கு. வளர்பிறையில முகூர்த்தம். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து முகூர்த்தப் புடவை பாதியிலயே நின்னுபோச்சு. கதவ சாத்திகினு, தறி சத்தம் தெருவுக்குக் கேக்கக்கூடாதுன்னு ரேடியோவ பெருசா வெச்சிகினு நெய்ஞ்சாரு. எங்கம்மா படையல் எலை முன்னாடி உக்காந்து அழுதுகினே இருந்துச்சு. யாருனா வர்றாங்களான்னு பாத்துகினு நான் கதவோரம் நின்னேன். அந்தப் பொண்ணு மாதிரியேதான். இத்தினி வருஷமா யாருக்கும் சொல்லல. எனக்கு ஒண்ணும் ஆவலீங்க. நல்லாத்தான் இருக்கேன்."

வசவு அதோடு நின்றது. அடுத்து ஒரு பெரியவர், "எங்கூட்லயும் ஒரு தபா நடந்துச்சுங்க" என்றார். பிறகு சரசாவின் தாய்வீட்டுப் பக்கத்து வீட்டம்மா: "அந்த ரேடியோ எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுடி. இன்னாடா பேஜாராப் போச்சேன்னு உங்கப்பன திட்டிகினே இருந்தேன். அவரு பாவம், இதுக்குத்தானா?" அழுகையும் சிரிப்புமாக அன்று மாலை முழுக்க ஊர் பேசியது. இயக்குநர் செய்தது தப்பு என்றவர்கள் கடைசிவரை தப்பு என்றே சொன்னார்கள். ஆனால் மறுநாளிலிருந்து அந்தக் கதவோரத்துப் பெண்ணைப் பார்க்க வந்துகொண்டே இருந்தார்கள், ஏற்கெனவே பார்த்தவர்களும் சேர்த்து. ஏகாம்பரம் வாசலில் நின்று வரிசையைப் பார்த்துவிட்டு மண்டபத்து வரைபடத்தைச் சுருட்டி உள்ளே வைத்தான்.

அக்கா மட்டும் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை. "நான் எப்பவும் ஆப்ரேட்டர்தான் தம்பி. படத்துக்கும் அவங்களுக்கும் லைன் போட்டுக் குடுத்தேன். பேச வேண்டியத சரசா பேசிச்சு" என்றார். நல்ல விமர்சனம் எது என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். படித்து முடித்ததும் 'ஆமாம் சாமி' என்று வாயை மூடிக்கொள்ள வைப்பது எனக்கு வேண்டாம். அதைக் கேட்டதும் எனக்கும் ஒன்று சொல்லத் தோன்ற வேண்டும்.

அக்கா போன பிறகு வந்த முதல் அமாவாசை என்னை ஆட்டிவைத்துவிட்டது. முந்தின நாள் காலையிலிருந்தே குரூப்பைத் திறந்து திறந்து பார்த்தேன். யாரும் பேசவில்லை. அவர் இடத்தில் முதலில் வாய் திறக்க யாருக்கும் மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். ஓடிக்கொண்டிருந்த படம் சுமார். மண்டபத்து வரைபடம் மறுபடி மேசைக்கு வந்துவிட்டது. இந்த அமாவாசைக்கும் கூட்டம் வராவிட்டால் பேச்சே இல்லை என்று சொல்லிவிட்ட ஏகாம்பரம், கூடவே ஒரு யோசனையும் சொன்னான்.

"படம் சூப்பர்னு நீயே பேசிடுண்ணே. அந்தம்மா எடம் காலியாத்தான இருக்குது."

பால்கனிக்குப் போனேன். கதவோரத்து இருக்கையில் உட்கார்ந்து படத்தை முழுதாகப் பார்த்தேன். எத்தனை தடவை படம் பார்த்தாலும் தியேட்டர்காரன் கண் பாதி கூட்டத்தின் மேல்தான் இருக்கும். மாலையில் அந்த இருக்கையிலேயே உட்கார்ந்து கைபேசியை வாயருகே வைத்தேன். "லைன்ல இருங்க" என்று ஆரம்பித்து, அதை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். "தியேட்டர்காரன் பேசறேங்க. நம்ம தியேட்டர்ல ஓடற படம் ரெண்டாவது பாதி இழுக்குது. என் காலு மரத்துப்போச்சு. ஆனா பஸ் கண்டக்டரா வர்ற அம்மா சில்லறை குடுக்க மறந்துட்டு, அந்தப் பெரியவரைத் தேடிகினு இறங்கி ஓடறாங்க பாருங்க, அது எனக்குப் புடிச்சுது. நான் சொல்றது தப்பா இருக்கலாம். பாத்துட்டு நீங்க சொல்லுங்க." அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் ஏகாம்பரம் படியில் நின்று, கடையைக் கொளுத்தினவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மதியம் கதவைத் திறந்து வைத்துவிட்டு டிக்கெட் அறைக்குள் போய் ஒளிந்துகொண்டேன். ஜன்னலில் முதலில் தெரிந்தது சரசா. பின்னால் கணவர், மகள், மருமகன், இன்னும் தெருவே. "இழுக்குதுன்னு சொன்னீங்களே, எவ்ளோ இழுக்குதுன்னுதான் பாக்கலாம்னு வந்தோம்" என்றார். ஏகாம்பரம் டிக்கெட் கிழிக்கப் போய் நின்றான். மண்டபப் பேச்சை அவன் மறுபடி எடுப்பான், எடுக்கட்டும். பதில் சொல்ல எனக்கு இப்போது வாய் இருக்கிறது.

படம் விட்டு வெளியே வந்த சரசா என்னிடம் நின்றார். "அவ்ளோ ஒண்ணும் இழுக்கலீங்க. நீங்க பேசினதுதான் இழுத்துச்சு. ஆப்ரேட்டர் அம்மா இதுல பாதி நேரத்துல சொல்லி முடிச்சிருப்பாங்க." தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அன்று மாலை குரூப்பில் கண்டக்டரம்மாவைப் பற்றி ஆளுக்கு ஆள் பேசினார்கள். இறங்கி ஓடியது சரி என்று ஒரு கட்சி, பஸ்ஸை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடலாமா என்று ஒரு கட்சி.

அக்காவின் குரல் உங்கள் எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது. எனக்கென்று அவர் விட்டுப்போனது ஒரு தைரியம். என் தியேட்டரில் ஓடும் படத்தை இழுக்கிறது என்று என் வாயாலேயே சொல்லிவிட்டு, மறுநாள் கதவைத் திறந்து வைத்து, யார் வருகிறார்கள் என்று பார்க்கிற தைரியம்.

வந்தாங்க, அக்கா.